பாதி சிங்களம், பாதி தமிழ்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா தமிழ், ஊர் யாழ்ப்பாணத்து இணுவில். அப்பா சிங்களம், ஊர் தெற்கே மாத்தறை. நான் பிறந்து வளர்ந்தது தெஹிவளையில். பெயர் சிங்களப் பெயர், படித்தது தமிழ் மீடியத்தில். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவருக்குக் கேள்வி வந்துவிடும். கலியாண வீட்டில், ஒபிஸ் சாப்பாட்டு மேசையில், பார்லரில் என்று எங்கு போனாலும் அதே கேள்விகள். இப்போது கலப்புத் திருமணம் செய்த நண்பர்களும் கைக்குழந்தையோடு வந்து கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே. சில கேள்விகள் எரிச்சலூட்டும்; அவற்றையும் திருத்தவில்லை.

இது சிங்கள-தமிழ்க் கலப்பைப் பற்றியது மட்டும். தமிழ்-முஸ்லிம், தமிழ்-பறங்கி வீடுகளின் கதை வேறு. அதை அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

நீங்க உண்மையில தமிழா, சிங்களமா?

இரண்டும். இந்தப் பதில் யாருக்கும் போதவில்லை என்று தெரியும், ஏனென்றால் உடனே "சரி, ஆனா மனசில?" என்று அடுத்த கேள்வி வரும். மனதிலும் இரண்டும்தான். கணக்குப் பார்ப்பது தமிழில், கிரிக்கெட் பார்த்துக் கத்துவது சிங்களத்தில். எழுதுவது தமிழில்.

பெரும்பாலும் கேட்பவருக்குத் தெரிய வேண்டியது என் அடையாளம் அல்ல. என் முன்னால் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதுதான். பதிலைக் கேட்டதும் சிலர் குரலைத் தாழ்த்துவார்கள், சிலர் உயர்த்துவார்கள். கலப்புப் பிள்ளைகள் இதைச் சின்ன வயதிலேயே படித்துவிடுகிறார்கள்.

பேர்த் சேட்டிபிகட்ல பிள்ளைக்கு என்ன இனம் எண்டு போடுவாங்க?

நம்மில் பலர் வைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் இனம் என்று ஒரு கட்டமே கிடையாது. தந்தையின் இனம், தாயின் இனம் என்று தனித்தனியாக இருக்கும். அந்த வகையில் அது நேர்மையான பத்திரம். சிக்கல் பிறகு வரும் படிவங்களில்தான். அவற்றில் ஒரு கட்டம் மட்டும் இருக்கும், அதில் தந்தையின் இனத்தை எழுதுவது வழக்கம். 2012 குடிசன மதிப்பீட்டில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர் என்று நீளமாகப் பிரித்திருந்தார்கள். இலங்கைச் செட்டிக்கும் பரதருக்கும் தனி இடம் கிடைத்தது. கலப்பு என்று மட்டும் ஒன்று இல்லை.

தந்தை வழி எண்ணும் பழக்கம் பழையது. 1830 அளவில் பிரதம நீதியரசராக இருந்த ரிச்சர்ட் ஒட்லி, பறங்கி என்றால் யார் என்பதற்குச் சொன்ன விளக்கமும் இதேதான்: தந்தை வழி முன்னோர் ஐரோப்பியராக இருந்தால் போதும், எத்தனை தலைமுறை இங்கே கலந்திருந்தாலும் பறங்கியே. பிரஜாவுரிமையும் தந்தை வழியாகத்தான் வந்தது. 1948 சட்டத்தில் இருந்த அந்த நிலை மாறி, தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கட்டங்கள் கல்லில் எழுதியவை அல்ல. ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்பில் கண்டிச் சிங்களவரும் கரையோரச் சிங்களவரும் வெவ்வேறு பிரிவு. இன்று இரண்டும் ஒன்று. யாரும் அழவில்லை.

வீட்டில எந்தப் பாஷை பேசுறது? ரெண்டும் பேசினா பிள்ளை குழம்பிடாதா?

குழம்பாது. ஒரு வசனத்தில் இரண்டு மொழியையும் கலந்து கொட்டும் ஒரு பருவம் வரும், அது தானாகவே போய்விடும். அம்மா தமிழில் பேசட்டும், அப்பா சிங்களத்தில் பேசட்டும். நடுவில் மாற்றிக்கொண்டிருக்காமல் இருந்தால் போதும்.

கொழும்பில் உண்மையான ஆபத்து வேறு. தாயும் தகப்பனும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசுவார்கள், பிள்ளையும் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சண்டை வராத பொது மொழி என்று பெருமையாகச் சொல்வார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பிள்ளைக்கு இணுவில் அம்மம்மாவோடும் பேச வராது, மாத்தறை ஆச்சியோடும் பேச வராது. இரண்டு இனத்துப் பிள்ளை இரண்டு மொழியும் தெரியாமல் வளர்வதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். இனவாதம் பற்றி அந்தப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் இங்கிலீஷ் பத்திரிகையில் வருவது மட்டும்தான்.

எந்த மீடியத்தில சேர்க்கிறது?

ஒரு மொழியைத் தெரு இலவசமாகக் கொடுக்கும், மற்றதைத்தான் பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டும். நீங்கள் நுகேகொடையிலோ மகரகமையிலோ இருந்தால் சிங்களம் பஸ்ஸில் வரும், கடையில் வரும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடும்போது வரும். தமிழ் அப்படி வராது. அப்படியானால் தமிழ் மீடியம். வெள்ளவத்தையில் அல்லது கொட்டாஞ்சேனையில் இருந்தால் கணக்கைத் திருப்பிப் போடலாம். என்னைத் தமிழில் சேர்த்ததற்கு அம்மா சொன்ன காரணம் இது. கொள்கை, இனப்பற்று ஒன்றும் இல்லை.

மீடியம் என்பது பாடப் புத்தகத்தின் மொழி மட்டும் என்று நினைக்காதீர்கள். பிள்ளையின் நண்பர்கள் யார் என்பதையும் அதுதான் தீர்மானிக்கும். இரண்டு பிரிவும் உள்ள கொழும்புப் பாடசாலைகளில் ஒரே மைதானம், ஒரே காலைக் கூட்டம், ஆனால் இடைவேளையில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பார்கள். 2000களின் தொடக்கத்திலிருந்து தரம் 6க்கு மேல் சில பாடங்களை இங்கிலீஷில் படிக்கும் இருமொழித் திட்டம் இருக்கிறது. அது நடக்கும் பாடசாலை கிடைத்தால் விசாரித்துப் பாருங்கள். சில இடங்களில் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காரும் ஒரே நேரம் அதுதான்.

கோயிலுக்குக் கூட்டிப் போறதா, பன்சலைக்கா?

இரண்டுக்கும் போகலாம். நம் நாட்டில் இது கேட்கிற அளவுக்குக் கஷ்டமான விஷயம் இல்லை. பல பன்சலைகளுக்குள்ளேயே, அதாவது பௌத்த விகாரைகளுக்குள்ளேயே, விஷ்ணுவுக்கும் கதிர்காமக் கடவுளுக்கும் தேவாலயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர் இல்லை என்பது கொழும்பில் எல்லாருக்கும் தெரியும்.

தலையிடி பாடசாலையில்தான். சாதாரண தரம் வரை சமயம் ஒரு கட்டாயப் பாடம், ஏதாவது ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். பிள்ளை எந்த வகுப்பில் நன்றாகப் புள்ளி எடுக்குமோ அதை எடுக்க விடுங்கள்.

உங்கட சிங்களப் பெயரால செக்பொயின்ற்ல தப்பியிருப்பீங்க தானே?

ஆமாம். மறைக்க ஒன்றுமில்லை. தேசிய அடையாள அட்டையில் இனம் எழுதியிருக்காது. ஆனால் பெயரும் பிறந்த இடமும் இருக்கும், பார்ப்பவருக்கு அது போதும். யுத்த காலத்தில் நானும் அம்மாவும் ஒரே த்ரீவீலில் போனால் என்னுடைய அட்டை உடனே திரும்பி வரும். அம்மாவினுடையது வராது. கலியாணத்துக்குப் பிறகு அம்மாவுக்கும் சிங்களப் பெயர்தான், ஆனால் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், யார் வீடு என்று கேள்விகள் வரும். இத்தனை வருடம் தெஹிவளையில் குடியிருக்கும் ஒரு பெண்ணிடம், அவளுடைய பிள்ளையின் முன்னால். இனவாதம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்திருக்க வழியே இல்லை. அம்மா கலியாணம் கட்டாமல் ஊரிலிருந்து வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்திருந்தால் அவருடைய பெயர் இருந்திருக்கும்.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 1996 ஜூலை 24, தெஹிவளை ஸ்டேஷனில் ரயிலில் புலிகளின் குண்டு வெடித்தது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சனம். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் அந்த லைனில் பயணம் செய்பவர். அன்று இரவு அப்பா வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாரும் மூச்சு விட்டோம். அதற்குப் பிறகு ஒரு கிழமை அம்மா கடைக்குப் போகவில்லை, அப்பாதான் போனார்.

83ல உங்கட குடும்பம் என்ன செய்தது?

நான் பிறக்க முன் நடந்தது. 1983 ஜூலை 23 யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டு, மறுநாள் கொழும்பு பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யக் கூடிய கூட்டத்திலிருந்து தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியது. வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு வைத்திருந்தார்கள் என்பதைப் பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அம்மம்மாவும் அம்மப்பாவும் அப்போது வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ஊருக்குப் போனார்கள். திரும்பிக் கொழும்பில் குடியிருக்க வரவேயில்லை. அம்மா புதுப் பெண்ணாக அப்பா வீட்டில். இடாப்பில் அந்த வீட்டில் இருந்தது சிங்களப் பெயர்கள் மட்டும். அம்மா பொட்டை அழித்துவிட்டுப் பின் அறையில் இருந்தார், ஆச்சி வாசலில் இருந்தார்.

இந்தக் கதையைச் சொன்னால் சிங்கள நண்பர்கள் பலர் ஆச்சியைப் பிடித்துக்கொள்வார்கள். "பாத்தியா, நல்ல சனமும் இருந்ததுதானே." இருந்தது. ஆச்சி மட்டுமல்ல, அந்தக் கிழமை தமிழரை வீட்டில் ஒளித்து வைத்த சிங்களக் குடும்பங்கள் ஏராளம், தங்கள் உயிரைப் பணயம் வைத்து. ஆனால் ஆச்சியே இதை ஒரு பெருமையாகச் சொன்னதில்லை. மருமகளை ஒளித்து வைக்க வேண்டிய நிலை வந்ததே என்றுதான் சொல்வார். காப்பாற்றியவரின் கதையைக் காட்டிக் கொன்றவர்களின் கதையை மூடக்கூடாது. நல்ல அயலவர் இருந்தார் என்பது பொலிஸ் எங்கே இருந்தது என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. அதே கிழமை வெலிக்கடைச் சிறைக்குள் அரசின் பூட்டுக்குள் இருந்த 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அங்கே வாசலில் நிற்க ஆச்சி இல்லை.

இங்க எல்லாருமே கலப்புத் தானே? டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா தெரியும்.

தெரியும்தான். கடைசிக் கண்டி மன்னர்கள் 1739 முதல் 1815 வரை தென்னிந்திய நாயக்க வம்சத்தவர். கரையோரச் சிங்களச் சாதிகள் சிலவற்றின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில் தாத்தா தமிழ் பேச, பேரன் சிங்களவன் என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய. எல்லாம் சரி.

ஆனால் இந்தப் பேச்சை எப்போது எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு தமிழர் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது, அதை நிறுத்துவதற்காகத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். செக்பொயின்ற்றில் நின்றவர் அம்மாவிடம் டிஎன்ஏ டெஸ்டுக்கு எச்சில் கேட்கவில்லை.

வெள்ளையாப் பிறக்குமா, கறுப்பாப் பிறக்குமா?

இதைக் கர்ப்பிணிப் பெண்ணிடமே கேட்கிறார்கள், இரண்டு பக்கத்துச் சொந்தமும். எங்கள் வீட்டில் கறுப்பு அப்பா, சிவந்த நிறம் அம்மா. "தமிழ் ஆக்கள் கறுப்பு" என்று நம்பிக்கொண்டிருந்த மாத்தறைச் சொந்தங்களுக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

சொந்தக்காரர் முன்னால இருந்து மற்ற இனத்தைத் திட்டினா என்ன செய்றது?

முதல் கேள்வியில் சொன்னேனே, என் முன்னால் எதைப் பேசலாம் என்று பார்க்கிறார்கள் என்று. சொந்தக்காரர் அதைக்கூடப் பார்ப்பதில்லை. நம்மை முழுதாகத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டுவிடுவார்கள். மாத்தறையில் ஒரு மாமா தமிழரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஒயாட்ட நெவெய், ஒயா அபே கெனெக்னே" என்பார். உன்னைச் சொல்லவில்லை, நீ எங்கட ஆள்தானே என்று அர்த்தம். இணுவிலில் ஒரு பெரியம்மா "மோட்டுச் சிங்களவன்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, "உன்ர கொப்பரைச் சொல்லேல்லை, அவர் தங்கமான மனுசன்" என்பார். இரண்டு பேரும் என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொல்வார்கள். வெறுப்பவர்களிடமிருந்து வரும் இனவாதத்தைத் தள்ளி வைக்கலாம், இதைத் தள்ளி வைக்க வழி இல்லை.

நான் கண்ட அளவில் விவாதம் உதவாது. சரித்திரம் எடுத்தால் துட்டகைமுனுவுக்கும் எல்லாளனுக்கும் போய்விடும், சாப்பாடு ஆறிவிடும். "எங்கட அம்மாவைப் பற்றியா சொல்றீங்க மாமா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். "சேச்சே, இல்லை" என்பார். "அப்ப யாரை?" என்று அடுத்தது. கோபப்படாமல் கேட்க வேண்டும், அதுதான் கஷ்டம். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் இந்த வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். மாத்தறை மாமாவுக்கு அப்பா பதில் சொல்லட்டும், இணுவில் பெரியம்மாவுக்கு அம்மா. தங்கள் இரத்தத்துக்குத் தாங்களே சொல்வதுதான் ஏறும்.

அப்ப இனவாதம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கெண்டு ஒத்துக்கொள்றீங்க?

இல்லை. இரண்டு பக்கமும் இருக்கிறது. சமமாக இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதெல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மேலே சொன்ன மாமாவும் பெரியம்மாவும் ஒரே மாதிரிதான். வாய் ஒன்று, மனம் ஒன்று, பாசமும் ஒன்று. ஆனால் மாமாவின் எண்ணத்துக்குப் பின்னால் சட்டமும் சீருடையும் வந்தன. 1948இலும் 1949இலும் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையும் வாக்கும் போயின. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகத் தரப்படுத்தல், தமிழில் படித்தவர்களுக்குக் கூடுதல் புள்ளி தேவைப்பட்டது. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஊரில் பொலிஸ் இருந்தது. பெரியம்மாவின் "மோட்டுச் சிங்களவன்" யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. தமிழ்ப் பக்கத்தில் ஆயுதம் அதிகாரமாக இருந்த இடங்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் மொத்தமாக வெளியேற்றினார்கள், யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தெஹிவளை ரயிலை மேலே சொல்லிவிட்டேன். மலையகத் தமிழரை நம் யாழ்ப்பாண வீடுகளில் எப்படிப் பேசினார்கள், வேலைக்கு வைத்த பிள்ளைகளை எங்கே சாப்பிட வைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே கேள்வி எந்த இனம் கெட்டது என்பதல்ல, எந்த இடத்தில் யார் கையில் அதிகாரம் இருந்தது என்பதுதான்.

நான் பாதி-பாதி என்பதால் என் கருத்தும் பாதி-பாதியாக இருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஒரு கண்டனத்தை இந்தப் பக்கம் வைத்தால் இன்னொன்றை அந்தப் பக்கம் வைத்துத் தராசைச் சரியாக்க வேண்டுமாம். அப்பாவையும் அம்மாவையும் நான் சமமாக நேசிக்கிறேன். அதற்காக இந்த நாட்டில் அவர்கள் இருவருக்கும் சமமாக நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதை முதலில் ஒத்துக்கொண்டது அப்பாதான்.

உங்களைப் போல ஆக்கள்தானே ரெண்டு இனத்துக்கும் பாலம்?

தயவுசெய்து வேண்டாம். பாலத்தில் இரண்டு பக்கத்தாரும் நடந்து போவார்கள், யாரும் அதில் குடியிருப்பதில்லை. ஒபிஸில் மொழிபெயர்க்க ஆள் தேவையென்றால் அதற்குச் சம்பளம் கொடுத்து ஒருவரை வையுங்கள். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்திலேயே வந்துவிட்டது, கலப்புக் குடும்பத்துப் பிள்ளையின் நல்ல மனதை நம்பி இருக்கும் விஷயம் இல்லை.

மே 18 அண்டு உங்கட வீட்டில என்ன நடக்கும்?

2009 மேயில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது கொழும்புத் தெருக்களில் பட்டாசு வெடித்தது, பாற்சோறு பங்கிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. கொண்டு வந்தவர் நல்ல அயலவர், அவருடைய தம்பி முகமாலையில் கால் இழந்தவர். அவருக்கு யுத்தம் முடிந்தது என்பது மட்டும்தான். அம்மாவின் மாமா மகளின் குடும்பத்தைப் பற்றி அப்போது எந்தத் தகவலும் இல்லை. அப்பா தட்டை வாங்கி நன்றி சொல்லி மேசையில் வைத்தார். யாரும் சாப்பிடவில்லை, யாரும் எறியவுமில்லை.

இப்போது ஒவ்வொரு வருடமும் அம்மா விளக்கேற்றுவார், அப்பா பக்கத்தில் நிற்பார். அப்பாவின் தம்பி இராணுவத்தில் இருந்தவர், அவருக்கும் இது தெரியும், அன்று மட்டும் கோல் எடுக்க மாட்டார். 2022 மே 18 காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி வழங்கியபோது சிங்களப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்து எல்லாம் மாறிவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் 2009இல் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

லண்டனில இருக்கிற கசின் சொல்றா, அங்க எல்லாரும் ஒரே பிரவுண் தான் எண்டு. நீங்களும் அப்பிடி யோசிக்கலாமே?

அங்கே அது சரி. ஹீத்ரோவில் நிறுத்துகிறவருக்குச் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்றுதான், இரண்டையும் உச்சரிக்க வராது. அதனால் அங்கே இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நிறுத்துகிறவருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். லண்டனில் ஒடுக்கப்படுகிற ஒருவர் கொழும்பில் வந்து இறங்கியதும் பெரும்பான்மை ஆகிவிடலாம். என் கசினுக்கே கட்டுநாயக்காவில் அது நடக்கிறது.

அம்மாவின்ர இணுவில் காணி தேசவழமையில வருமா? அப்பா சிங்களம் எண்டால் சிக்கலா?

இது அடிக்கடி வருகிறது, அதுவும் கலியாணத்துக்கு முன் யாரும் கேட்பதில்லை. தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் பாரம்பரியச் சொத்துச் சட்டம். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமை, உரிமைவழிக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணைக் கட்டினால், அந்தத் திருமணம் நீடிக்கும் வரை தேசவழமை அவளுக்கு இல்லை. திருப்பியும் அப்படியே: சிங்களப் பெண் யாழ்ப்பாண ஆணைக் கட்டினால் தேசவழமைக்குள் வந்துவிடுவாள். நடைமுறையில் பெரிய வித்தியாசம் என்னவென்றால், தேசவழமைப்படி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். எங்கள் அம்மாவுக்கு அது தேவையில்லை. ஊரிலுள்ள அக்காமாருக்கு இல்லாத சுதந்திரம், சிங்களவரைக் கட்டியதால் கிடைத்தது. பெரியம்மாவுக்கு இதில் இன்னும் கோபம்.

ஆனால் வடக்கிலுள்ள காணியை விற்கும்போது பங்காளிகளுக்குள்ள முன்கொள்வனவு உரிமை தனி விஷயம். உறுதி முடிக்க முன் யாழ்ப்பாணக் காணி பழகிய நொத்தாரிசு ஒருவரிடம் காட்டுங்கள். கலியாணப் பதிவு பற்றிக் கேட்பவர்களுக்கு: சிங்கள-தமிழ்த் தம்பதி பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் பதிவு செய்யலாம், விசேட அனுமதி ஒன்றும் தேவையில்லை.

எங்கட மகள் சிங்களப் பெடியனைக் கட்டப் போறாள். பிள்ளைகள் பாவம் இல்லையா?

பாவம் என்று அவர்களைப் பார்ப்பவர்கள் இருந்தால் கஷ்டம். மற்றபடி சாதாரணப் பிள்ளைகள்தான், இரண்டு புத்தாண்டுப் பலகாரம் கூடக் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும் இரு வீட்டாரும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: பிரச்சினை வரும் நாளில் யார் யாரோடு நிற்பது. பெயர், மீடியம், சமயம் எல்லாவற்றையும் பேசுவார்கள், இதைப் பேச மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாராவது "இப்ப அந்தக் காலம் இல்லை" என்றால், 2018 திகனையில் முஸ்லிம்கள் மீது தாக்குதல் நடந்தது எந்தக் காலம் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதிலில் வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கு எந்தப் பக்கத்தில மாப்பிள்ளை பார்ப்பாங்க?

எந்தப் பக்கத்திலும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தால் தெரியும், சிங்களப் பக்கம் கொவிகம பௌத்தர் என்று தொடங்கும், தமிழ்ப் பக்கம் யாழ் இந்து வேளாளர் என்று தொடங்கும். இனவாதத்தில் சண்டை பிடிப்பவர்கள் சாதியில் ஒருவருக்கொருவர் நன்றாக ஒத்துப்போவார்கள். வெள்ளவத்தையில் ஒரு புரோக்கர் என் விபரத்தை எழுதிக்கொண்டு, அப்பாவின் பெயருக்கு வந்ததும் பேனையை மூடிவிட்டு, "வெளிநாட்டு மாப்பிள்ளை எண்டால் பாக்கலாம், அங்க ஆக்கள் பெரிசாப் பாக்கிறேல்லை" என்றார். கட்டணத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. பிறகு நானே பார்த்துக்கொண்டேன். அவர் மலாயர்.